தோட்டத்துத் திடலில் ஒரு விசில்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டத்துத் திடல்களில் சாயங்காலம் கேட்கும் கால்பந்துப் பயிற்றுநரின் விசிலுக்காகவே நான் நின்றுவிடுவேன். நீட்டி ஊதினால் நிற்க வேண்டும். வெடுக்கென்று இரண்டு ஊதினால் மறுபடி முதலிலிருந்து. செம்பனை வரிசைக்குள் போய் அந்தச் சத்தம் தேய்வதற்குள் பையன்கள் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஈரப் புல்லில் பந்து சர்ரென்று வழுக்குகிறது. "தம்பி, காலோட உள்பக்கத்துல வாங்குப்பா" என்று பயிற்றுநர் குனிந்து, கணுக்காலைப் பிடித்துத் திருப்பிக் காட்டுகிறார். இருபதாவது தடவையும் அதே குரல், சலிப்பே இல்லை.

2021இல் கே. தேவனின் பயிற்சியில் நெகிரி செம்பிலான் மாநில அணி மலேசிய பிரிமியர் லீக்கை வென்று சூப்பர் லீக்குக்கு ஏறியது. அந்த அணி ஆடும் பாரோய் அரங்கின் ஆரவாரம் எனக்கும் பிடிக்கும். அதைவிடப் பிடித்தது, தோட்டத்துத் திடலில் பந்து சரியாகக் காலில் அடங்கும்போது எழும் மெத்தென்ற சத்தம். அதைக் கேட்டு, திரும்பிப் பார்க்காமலே தலையசைக்கிறார் பயிற்றுநர்.