எந்தத் தெரு?

கோயில்களைப் பற்றித் தமிழில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே 'நாம்' என்று எழுதுகிறார்கள். நாம் கோபுரத்தைக் கடக்கிறோம், நாம் பிராகாரத்தைச் சுற்றுகிறோம், நாமே சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். இந்த 'நாம்' யார் யார் என்று கொஞ்ச காலமாக எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த நடையில் தலைசிறந்தவர் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான். திருநெல்வேலிக்காரர், கலெக்டர் உத்தியோகம் பார்த்தவர், தஞ்சைக் கலைக்கூடம் உருவாக முன்னின்றவர். 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று அவர் எழுதிய வரிசையில் எங்கள் ஆற்றங்கரைக்கு உரிய பாகம் 'பொருநைத் துறையிலே'. ஒரு கதையோ பாட்டோ சொல்லி ஆரம்பிப்பார். அப்புறம் ஊருக்குப் போகும் வழி. பிறகு மூர்த்தி, சிற்பம், கல்வெட்டு. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். சிலையைக் கும்பிட மட்டுமே தெரிந்த ஒரு தலைமுறையை, நின்று பார்க்கவும் பழக்கியவர் அவர். இதைக் குறைத்துச் சொல்ல நான் யார்?

ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக ஊர் ஊராகப் போனபோதுதான் ஒன்று புரிந்தது. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டால் சாயங்காலம் வரை நான் எங்கே உட்காருவது என்பது அவருடைய அக்கறை அல்ல. உத்தியோகத்தில் இருந்த பெரிய மனிதர், ரசிகர், நண்பர்கள் சூழப் பழகியவர். இப்படிப்பட்டவருக்கு எந்த ஊரிலும் ஒரு திண்ணை காத்திருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். திண்ணை காத்திராதவனுடைய பிரயாணம் வேறு தினுசு.

இப்போது இன்னொரு வகைக் கட்டுரை பெருகியிருக்கிறது. அது 'நான்' கட்டுரை. தன்னந்தனியாக வெளிநாடு போய் வந்து எழுதுவது. கோயில் நிறைந்த சின்ன நகரமாக இருந்தால் விசேஷம். தாய்லாந்து என்றால் இன்னும் விசேஷம். இப்படி நாலைந்து கட்டுரைகள் படித்த ஆசையில், நானும் ஒரு முறை வடக்குத் தாய்லாந்தில் இருக்கிற சியாங் மாய்க்குத் தனியாகப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். மங்ராய் என்ற அரசன் 1296ல் கட்டிய நகரம். சதுரமான அகழி, அதற்குள்ளே எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு விகாரை. சேடி லுவாங் என்ற பெரிய செங்கல் தூபி 1545ல் பூகம்பத்தில் உச்சி இடிந்தது. இன்றும் உச்சி இல்லாமலே நிற்கிறது. இடிந்ததை இடிந்தபடியே விட்டுவைத்து அதன் காலடியில் விளக்கேற்றுகிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அந்த விகாரையில் இளம் பிக்ஷுக்கள் மர நிழலில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு ஆங்கிலம் பேசிப் பழகுகிறார்கள். என்னிடம் ஒருவர் என் தேசத்தைக் கேட்டார். மழை பெய்யுமா என்று கேட்டார். அவ்வளவுதான்.

மேலே சொன்ன கட்டுரையாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் எழுதுகிற வாக்கியம் ஒன்று உண்டு: அங்கே உன்னை யாரும் யார் என்று கேட்பதில்லை, அதுதான் சுகம். உண்மைதான், சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், ஒரு விகாரை வாசலில் இரண்டு கிழவிகள் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தி என்னமோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். அவர்கள் என்ன கேட்டார்கள்? அவள் ஏன் தலையைக் குனிந்தாள்? எனக்குத் தெரியாது. அவர்கள் பாஷையில் எனக்கு ஒரு சொல் தெரியாது. நான் நாலு நாள் அனுபவித்த அமைதி காது கேளாதவனுடைய அமைதி. அதை அந்த ஊரின் குணம் என்று எழுதுவது நியாயமா? எழுதுகிறார்கள். அச்சாகியும் வருகிறது.

ஊர் திரும்பிய மறு மாதம் திருப்புடைமருதூர் போனேன். எங்கள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தூரம் என்று சொல்ல முடியாது. அம்பாசமுத்திரம் போய், வீரவநல்லூரில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் வந்துவிடும். கடனா நதி தாமிரபரணியோடு சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயில். கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலைகளிலும் மரச் சிற்பங்களும் சுவர் ஓவியங்களும் இருக்கின்றன. 1532ல் நடந்த தாமிரபரணிப் போர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிற காட்சியும், கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகிற காட்சியும் உண்டு. ஆனால் கோபுரத்துக்குப் பூட்டு. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நடையும் சாத்தியாகிவிட்டது.

மர நிழலில் உட்கார்ந்தேன். மேலே கிளைகளில் கொக்கும் நாரையும் ஒரே கூச்சல். இந்தப் பறவைகளுக்காகவே 2005ல் ஊரைக் காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். எதிர்வீட்டு ஆச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"எய்யா, எங்கருந்து வாரீய?"

"வி.கே.புரம், ஆச்சி."

"தனியாவா வந்தீய? அங்கன எந்தத் தெரு?"

திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்விக்குத் தெருவின் பெயர் பதில் அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். "மில்லு பக்கம்" என்றேன். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவியின் விசையை நம்பித் தொடங்கிய பஞ்சாலைக்குப் பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறினார்கள். ஆகவே 'மில்லு பக்கம்' என்ற பதிலில் ஒன்றும் பிடிபடாது. ஆச்சி விடவில்லை.

"மில்லு பக்கம்னா, பூர்வீகம் எது?"

ஏதோ சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவரத்தான் போகிறாள் என்று தெரிந்தது. அந்த இரண்டு நிமிஷம் நான் கோபுரத்தை நினைக்கவில்லை, குதிரைகளை நினைக்கவில்லை. அவள் எந்தப் பாத்திரத்தில் கொண்டுவருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் செம்பில் கொண்டுவந்தாள். "வெயில்ல வந்திருக்கீயளே" என்று கொடுத்தாள். என் பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்ததா, அல்லது எந்தப் பதிலுக்கும் அதே செம்புதானா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு நிமிஷம் தொண்டைமானுடைய 'நாம்' கட்டுரையிலும் கிடையாது, தாய்லாந்து 'நான்' கட்டுரையிலும் கிடையாது. நவகைலாய யாத்திரை போகிறவர்கள் பாபநாசத்தை முடித்துக்கொண்டு அடுத்ததாகச் சேரன்மகாதேவியில் இறங்குகிறார்கள். சந்திரனுக்குரிய தலம் என்று கைப்புத்தகம் சொல்லும். வ. வே. சு. ஐயர் அதே ஊரில் குருகுலம் நடத்தினதையும், இரண்டு பிராமணப் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டது தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்ததையும் அது சொல்லாது. அந்தக் கலவரம் ஓயுமுன், 1925 ஜூனில், ஆற்றில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிர்விட்டது எங்கள் பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில்தான். பாத்திரமும் பந்தியும் இந்த ஆற்றங்கரையில் சின்ன விஷயங்கள் அல்ல. கோயில் கட்டுரைக்கு அவை வெளியே என்று யார் தீர்மானித்தார்கள்?

ஏ. கே. செட்டியார் தனியாகவே உலகத்தைச் சுற்றியவர். காந்தி படத்துக்காகத் தேசம் தேசமாக அலைந்து 1940ல் அதை வெளியிட்டவர். அவருடைய கட்டுரைகளில் கட்டடங்களைவிட மனிதர்கள் அதிகம். ரயிலில் ஒருவர், ஓட்டலில் ஒருவர், கடைக்காரர் ஒருவர் என்று வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தினால், கேள்விக்கு எதிரே நின்ற மனிதனின் நெஞ்சில் என்ன நடந்தது என்பதை அவரும் பல இடங்களில் விட்டுவிடுகிறார். ஆனாலும் அவர் காதைத் திறந்து வைத்திருந்தார். பாக்கியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறரைச் சொல்லிக்கொண்டே போவது சுலபம். பத்து வருஷத்துக்கு முன் ஒரு மலருக்காக நானே எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறேன். சிவஞான முனிவர் பிறந்த ஊர், பொதிகைச் சாரல், அகஸ்தியர் அருவி என்று ஆறு பக்கம். நேற்று எடுத்துப் படித்துப் பார்த்தேன். 'நாம்' பதினேழு இடத்தில் இருக்கிறது. தெரு ஒன்றுகூட இல்லை.

திருப்புடைமருதூரில் நாலரை மணிக்குச் சாவிக்காரர் வந்தார். இருட்டில் ஏணிப்படி ஏறி, கைவிளக்கு வெளிச்சத்தில் குதிரைக் கப்பலைப் பார்த்தேன். இறங்கும்போது அவரும் கேட்டார், எனக்கு எந்த ஊர் என்று. "வி.கே.புரம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காக நின்றேன். அவர் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.