வெறுப்புக்கு ஒரு சமன்பாடு

பால் தயிராவதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். உறை ஊற்றிச் சில மணி நேரம் வரை பால் பாலாகவே இருக்கும். பாத்திரத்தை அசைத்தால் தளும்பும். புளிப்பு ஏற ஏறக் கேசின் என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு திரள்களாகின்றன. சிறு திரள்கள் கூடிப் பெருந்திரள்களாகின்றன. பிறகு பாத்திரம் முழுவதும் ஒரே வலையாகக் கெட்டிப்பட்டு விடுகிறது. துகள்கள் இவ்வாறு திரளும் வேகத்தை 1916-ஆம் ஆண்டிலேயே போலந்து இயற்பியல் அறிஞர் ஸ்மோலுகோவ்ஸ்கி சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார்.

இதற்கும் இணையத்தில் வன்முறையைப் போற்றிக் கூடும் கூட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு என்று வாதிடும் ஓர் ஆய்வு 2016 ஜூன் மாதம் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. அப்போது மயாமி பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் நீல் ஜான்சனும் அவருடைய குழுவினரும் அதன் ஆசிரியர்கள். பலரும் மேற்கோள் காட்டும் அவ்வாய்வை ஓர் இயற்பியல் மாணவர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

அவர்கள் செய்ததை முதலில் பார்ப்போம். 'விகே' என்னும் ரஷ்யச் சமூக வலைத்தளத்தில் ஐ.எஸ். இயக்கத்தை ஆதரித்த குழுக்களை 2015 ஜனவரி முதல் ஆகஸ்டு முடிய நாள்தோறும் கணக்கெடுத்தனர். 196 குழுக்கள் கிடைத்தன. அவற்றைப் பின்தொடர்ந்தவர்கள் 1,08,086 பேர். தனி மனிதர் எவரென்று துருவாமல், குழு எப்போது பிறந்தது, எவ்வளவு பெருத்தது, எப்போது மடிந்தது என்பதையே அளந்தனர். குழுக்கள் ஒன்றோடொன்று கூடிப் பெருக்கின்றன. தளத்தின் காவலர் கண்ணில் பட்டால் உடைந்து சிதறுகின்றன. சிதறியவர்கள் மீண்டும் கூடுகின்றனர். கூடுதலும் சிதறலும் கலந்த இம்மாதிரியிலிருந்து ஓர் எண் வெளிப்படுகிறது. குழுவின் பருமன் பத்து மடங்கானால், அத்தகைய குழுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 316 மடங்கு குறைய வேண்டும். பத்தின் அடுக்கு 5/2 என்பதே அந்த 316. கண்ட விவரமும் கணக்கிட்ட கோடும் பெருமளவு ஒத்துப்போயின.

இது அழகான வேலை, அதில் ஐயமில்லை. போரை எண்ணால் அளக்கலாம் என்ற துணிவுக்கு மதிப்பான மூதாதை ஒருவரும் உண்டு. வானிலையைக் கணித முறையில் முன்னறியும் வழியை வகுத்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், சண்டைகளை மாண்டோர் தொகையின் மடக்கையால் தரப்படுத்தினார். ஆயிரம் பேர் மாண்டால் 3; பத்து லட்சம் பேர் மாண்டால் 6. முதல் உலகப் போரில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் ஊர்தியை ஓட்டிய அவர், 1920-இல் வானிலைத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் வந்தபோது அந்த வேலையையே உதறியவர். தம் கணக்கு எவர் கைக்குப் போகும் என்று அவர் கேட்டார். நாமும் கேட்க வேண்டியதாகிறது.

5/2 என்ற எண் கிடைத்தவுடன் மாதிரி மெய்ப்பட்டது என்று மகிழ்வது எளிது. ஆனால் அந்த எண் வெறுப்புக்கே உரிய முத்திரை அன்று. பலபடிச் சேர்மங்கள் கூழாக உறையும் கட்டத்தைக் கணிக்கும் எளிய கோட்பாட்டிலும் அதே 5/2 வருகிறது. இரு திரள்கள் ஒட்டும் வாய்ப்பு அவற்றின் பருமன்களின் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று வைத்துக்கொள்ளும் மாதிரிகளில் அது தலைகாட்டும். ஆகவே எண் பொருந்தியதால் நாம் அறிவது, திரள்கள் திரள்களைப் போல் நடக்கின்றன என்பதுதான். அவற்றுக்குள் இருப்பவர் ஏன் கொல்லத் துணிகிறார் என்பதை அது தொடவே இல்லை.

அதைவிடத் துணிச்சலான கூற்று வேறொன்று. சிரியாவின் கொபானி நகர் மீது ஐ.எஸ். படை 2014 செப்டம்பரில் பாய்வதற்கு முன், புதிய குழுக்கள் பிறக்கும் வேகம் சட்டென ஏறியது. எனவே வரவிருக்கும் தாக்குதலுக்கு அது முன்னறிகுறியாகலாம் என்கின்றனர். ஒரே ஒரு நிகழ்ச்சி! அதுவும் நடந்து முடிந்த பின் பொருத்தப்பட்ட வளைகோடு. ஆய்வகத்தில் ஒரே அளவீட்டை எடுத்து, விடையைத் தெரிந்துகொண்டு கோடு வரையும் மாணவருக்கு நாம் மதிப்பெண் தருவோமா? துணைச் சான்றாக அவர்கள் காட்டுவது பிரேசில் நாட்டில் 2013 ஜூனில் எழுந்த கிளர்ச்சியை. பேருந்துக் கட்டணம் 20 சென்டாவோ உயர்ந்ததை எதிர்த்துத் தொடங்கிய மக்கள் போராட்டம் அது. அங்கும் இதே வளைவு வந்ததாம். ஆசிரியர்கள் இதை மாதிரியின் பெருமையாகக் கொள்கின்றனர். எனக்கோ இதுவே அச்சம் தருகிறது. கொலைப் படைக்கும் கட்டண உயர்வை எதிர்க்கும் மக்களுக்கும் வேற்றுமை காணாத கருவியை ஓர் அரசின் கையில் கொடுத்தால், அது எதன் மீது முதலில் திரும்பும்?

ஐயப்பட்டோரைப் பிடிக்கும் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் ஒரு சிறு கணக்கு அதை வீழ்த்தும். நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த 1,08,086 பேரில் 100 பேர் மெய்யாகவே ஆபத்தானவர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நம் கருவி நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். ஆபத்தானவரில் 99 பேர் அகப்படுவர். எஞ்சிய 1,07,986 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் 1,080 பேரும் அகப்படுவர். பிடிபட்ட 1,179 பேரில் ஏறத்தாழ பன்னிருவருக்கு ஒருவரே உண்மையில் ஆபத்தானவர். ஆவலால் ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்த கல்லூரி மாணவன் அந்த 1,080 பேரில் இருப்பான், செய்தியாளர் இருப்பார், ஆய்வாளரும் இருப்பார்.

மாதிரியில் இன்னொரு பெரிய இடைவெளியும் உள்ளது. குழுக்கள் தாமாகவே, தலைவரின்றி, கீழிருந்து திரள்வதாக அது கொள்கிறது. மியான்மரில் நடந்ததோ வேறு. ரோஹிங்யா மக்களுக்கு எதிரான வெறுப்பு அங்கே பேஸ்புக் வழியே பரவியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வங்கதேசத்திற்கு ஓடினர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பேஸ்புக் நிறுவனம் நீக்கிய கணக்குகளில் ராணுவத் தலைமைத் தளபதியின் கணக்கும் ஒன்று. உறை தானாகப் பாலில் விழவில்லை; ஊற்றிய கை இருந்தது. ஊற்றியவரைக் காணாத சமன்பாடு, பாலை மட்டுமே குற்றம் சொல்லும்.

மூலக்கூறுக்கு இல்லாத ஒரு பண்பு மனிதனுக்கு உண்டு. தன்னைப் பற்றிய ஆய்வை அவன் படிப்பான். சிறு குழுக்களையே முதலில் உடைக்கிறார்கள் என்று தெரிந்தால், சிறு குழு அமைக்க மாட்டான். அல்லது ஆயிரம் போலிக் குழுக்களை அமைப்பான். பெயர் மாற்றியும் மறைந்தும் மீண்டும் தோன்றியும் தப்பும் குழுக்களை ஆசிரியர்களே பதிவு செய்துள்ளனர்.

இப்படிச் சொல்வதால் இணையக் கூட்டங்களைத் தடுப்பதே வீண் என்று கொள்ளக் கூடாது. 2015-இல் ரெடிட் தளம் வெறுப்பைப் பரப்பிய இரு மன்றங்களை மூடியது. அவற்றின் உறுப்பினரில் அத்தளத்திலேயே தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு கண்டது. பலர் தளத்தை விட்டே போய்விட்டனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு. மூடுவதற்கு முன், மூடியதற்குப் பின் என இரு நிலைகளையும் அளந்து, ஒத்த வேறு மன்றங்களோடு ஒப்பிட்ட ஆய்வு அது. சமன்பாட்டின் கவர்ச்சி அதில் இல்லை. ஆனால் மேலே சொன்ன 5/2 தராத செய்தி அதில் இருக்கிறது.

ஜான்சன் குழுவினர் 2019-இல் 'நேச்சர்' இதழில் மேலும் ஒரு படி சென்று நான்கு வழிகளை முன்வைத்தனர். பெரிய வெறுப்புக் குழுக்களை விட்டுச் சிறியவற்றை நீக்குவது அவற்றுள் ஒன்று. எதிரெதிர்க் கொள்கையுடைய வெறுப்புக் குழுக்களைச் செயற்கையாக ஒன்றோடொன்று மோதவிடுவது மற்றொன்று. கணினித் திரையில் இரு புள்ளித் திரள்கள் மோதினால் இரண்டும் தேய்ந்து போகும். தெருவில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மாதிரியில் இடமே இல்லை.