திரியும் மெழுகும்: திருவருகை வளையத்தின் மரபுகளும் தரமும்

நம் மன்றத்தின் ஆண்டு மலருக்குத் திருவருகை வளையத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. எண்பதுகளில் அகதிகளாக ஜேர்மனிக்கு வந்திறங்கி, முகாம் அறையில் கிடைத்ததைக் கொண்டு நத்தாருக்கு ஆயத்தம் செய்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் எடுத்து வாசிக்கப்போகும் மலரில் எழுதக் கிடைத்ததை ஓர் ஆசியாகவே கருதுகிறேன். வளையம் என்றால் என்ன, நான்கு ஞாயிறுகளின் பொருள் என்ன என்பதெல்லாம் நம் உறுப்பினர்களுக்குத் தெரிந்தவை. நான் எழுத வந்தது அதில் நிற்கும் மெழுகுதிரிகளைப் பற்றி. எதைத் தேர்வது, எப்படிச் செய்வது, எது தரம் என்ற கேள்விகளுக்கு வெவ்வேறு மரபுகள் வெவ்வேறு விடைகள் தந்திருக்கின்றன.

நிறத்தில் தொடங்குவோம். மூல மரபு ஹம்பேர்க்கினுடையது. 1833இல் அங்கே ஏழைச் சிறுவர்களுக்காக ரவுகஸ் ஹவுஸ் என்ற இல்லத்தை நிறுவிய யோகான் ஹின்றிக் விகேர்ன், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும் இருபது சிறிய சிவப்புத் திரிகளையும் நிறுத்தினார். அந்த ஆண்டு திருவருகை முதல் ஞாயிறு டிசம்பர் 1ஆம் தேதி. ஞாயிறுக்கு ஒரு பெரியது, கிழமை நாளுக்கு ஒரு சிறியது என்று இருபத்து நான்கு நாளும் கணக்காக வந்தது. பசுங்கிளைகளைச் சுற்றும் வழக்கம் 1860 அளவில் சேர்ந்தது. சீர்திருத்தச் சபைகளில் பிறந்த இந்த வழக்கம் கத்தோலிக்கர் கைக்கு வர நெடுங்காலம் ஆனது. 1925இல் கேள்ன் நகரின் ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் வளையம் தொங்கியது, 1930இல் மியூனிக்கில். சிறிய திரிகள் உதிர்ந்து, நான்கு மட்டும் நிலைத்தன.

இன்று ஜேர்மனிய வீடுகளில், கத்தோலிக்க வீடுகள் உட்பட, பெரும்பாலும் நான்கும் சிவப்பு. திருவழிபாட்டு நிறங்களைப் பின்பற்றுவோர் மூன்று ஊதாவும், மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கு ஓர் இளஞ்சிவப்பும் வைக்கிறார்கள். நம் மன்றத்தின் மூத்தோர் முதலிலிருந்தே இதைப் பிடித்தார்கள். அதில் நான் அணுவும் மாற மாட்டேன். நடுவில் ஐந்தாவதாக ஒரு வெள்ளைத் திரியை நிறுத்தி நத்தாருக்கு ஏற்றுவது ஆங்கிலம் பேசும் நாடுகளின் வழக்கம். இலண்டனிலும் கனடாவிலும் இருக்கும் நம் உறவினர் வழியாக அதுவும் சில வீடுகளுக்கு வந்திருக்கிறது. தடையில்லை.

செய்முறையில் மூன்று மரபுகள் உண்டு: சுருட்டுவது, வார்ப்பது, தோய்ப்பது.

சுருட்டு மரபுக்கு அடிப்படை தேன்கூட்டு அச்சுப் பதித்த மெழுகுத் தகடு. தேனீ வளர்ப்போருக்காக யோகான்னஸ் மேரிங் 1857இல் உருவாக்கியது அது. தகட்டின் ஓரத்தில் திரிநூலை வைத்து இறுக்கச் சுருட்டினால் போதும். அடுப்பு வேண்டாம், அச்சு வேண்டாம். நம் மறைக்கல்விப் பொறுப்பாளர் ஐயா இதைத்தான் இத்தனை காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். அவருடைய பிள்ளைகள் சுருட்டும் திரியில் அடிமட்டம் சாய்ந்து நான் பார்த்ததில்லை. சிறுவர் கைக்கு இதைவிட ஏற்ற முறை கிடையாது. ஆனால் சுருளுக்கிடையே காற்று தங்கும். திரி வேகமாக எரிந்து தீரும். முதல் ஞாயிறுத் திரிக்கு இது தாங்குமா என்பதை ஒவ்வொரு வீடும் தன் வழக்கப்படி கணக்கிட வேண்டும்.

வார்ப்பு மரபு அச்சில் மெழுகை ஊற்றுவது. இன்று கடையில் கிடைக்கும் தடித்த திரிகளில் மெழுகுத் துகளை அழுத்திச் செய்தவையும் ஏராளம். அதை நான் தனி மரபாக எண்ணவில்லை. வார்ப்பில் வடிவம் சீராக வரும். குளிரும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும். அதை நிரப்ப இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். பொறுமையோடு செய்பவர்கள் கையில் இது உயர்ந்த முறைதான்.

நான் வளர்ந்தது தோய்ப்பு மரபில். கீழ் ரைன் பகுதியில், கெவலாருக்குச் சற்றுத் தள்ளி, தேனீ வளர்த்த ஒரு மூதாட்டி எனக்கு ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் அவரை ஓமா என்றுதான் அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கெவலார் என்றதும் நமக்கு ஆகஸ்ட் மாதத் திருயாத்திரை நினைவுக்கு வரும். அங்கே 1643க்கும் 1645க்கும் இடையில் கட்டிய மெழுகுதிரிச் சிற்றாலயத்தில் யாத்திரிகர் பங்குகள் காணிக்கையாகத் தந்த பெருந்திரிகள் வரிசையாக நிற்பதை நம்மில் பார்க்காதவர் இல்லை. அந்தத் திரிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர் ஓமா. மெழுகு அவருக்குக் கைத்தொழிலாகவும் செபமாகவும் இருந்தது.

அவருடைய முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதை எழுதி வைக்க வேறு யாரும் இல்லை.

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். ஓமா அதை ஒருபோதும் நேரடித் தீயில் வைத்ததில்லை. பெரிய பானைத் தண்ணீருக்குள் உயரமான துருப்பிடியாத எஃகுப் பாத்திரம், அதற்குள் மெழுகு. இரும்பும் செம்பும் பட்டால் மெழுகு நிறம் கெடும் என்பார். வெப்பம் 70 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். கூடினால் முன்பு ஏறிய படலமும் கரைந்து திரும்பும்; குறைந்தால் மேற்பரப்பு கட்டிகட்டியாக வரும். திரிநூலை முதல் தடவை முக்கும்போது காற்றுக்குமிழ் அடங்கும்வரை உள்ளே வைத்து, எடுத்து, நேராக இழுத்துக் காய விடுவார். அதன்பின் ஒவ்வொரு தோய்ப்பும் ஒரே மூச்சில் உள்ளே போய் வெளியே வந்துவிடும். இரண்டு தோய்ப்புக்கு நடுவே படலம் ஆற வேண்டும். ஆனால் முற்றாகக் குளிரக் கூடாது, குளிர்ந்தால் படலங்கள் ஒட்டாமல் பிரியும். இடையில் இளஞ்சூட்டோடு மேசையில் உருட்டி நேராக்குவார். கடைசித் தோய்ப்பை மட்டும் சற்றே கூடிய சூட்டில் தருவார். அதில்தான் மேற்பரப்பு வழவழப்பாகும்.

திரிநூலில் அவர் இன்னும் கண்டிப்பானவர். 1820களில் பிரான்சில் கம்பசேரெஸ் பின்னல் திரியை அறிமுகப்படுத்தியதால்தான் நாம் இன்று கத்தரிக்கோலோடு சுடரின் பக்கத்தில் காத்திருப்பதில்லை. எரியும்போது பின்னல் தானே வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து சாம்பலாகிவிடும். அதே பத்தாண்டில் செவ்ரேலும் கேலுசாக்கும் கொழுப்பிலிருந்து ஸ்டியரின் எடுத்துத் திரி செய்ய 1825இல் உரிமம் பெற்றார்கள். பாரஃபின் அதற்குப் பின் வந்தது. ஒவ்வொரு மெழுகுக்கும் ஒவ்வொரு திரி. பாரஃபினுக்கும் ஸ்டியரினுக்கும் தட்டைப் பின்னல். தேன்மெழுகு உருகினாலும் குழம்பாக நிற்கும், நூலில் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் அதற்கு உருண்டைப் பின்னல், அதுவும் சற்றுத் தடித்தது. திரி மெலிந்தால் சுடர் தன் குளத்திலேயே மூழ்கும். தடித்தால் புகை கக்கும், நுனியில் கரி திரளும், ஓரம் உடைந்து வழியும். ஓமா ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு திரியை முழுவதும் எரித்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றை வளையத்துக்கு அனுமதிப்பார். தரம் என்பதற்கு அவர் வைத்திருந்த அளவு அது ஒன்றுதான்: மெழுகும் திரியும் கடைசிவரை ஒன்றாகக் குறைய வேண்டும்.

நிறமேற்றுவது தேன்மெழுகில் கடினமான வேலை. இயற்கை மஞ்சள்மேல் ஊதாவைக் கலந்தால் பழுப்பு வரும். இளஞ்சிவப்பைக் கலந்தால் செம்மஞ்சள் வரும். எனவே முதலில் மெழுகை வெளுக்க வேண்டும். ஓமா கோடையிலேயே தொடங்கிவிடுவார். மெழுகை மெல்லிய நாடாக்களாக்கித் தோட்டத்தில் துணிமேல் பரப்பி, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டி வெயிலில் வெளுப்பார். பழங்கால மெழுகுக்காரர்களின் முறை அது. வெளுத்த மெழுகில் எண்ணெயில் கரையும் சாயத்தைச் சேர்ப்பார். கரையாத நிறத்தூளைத் தொட மாட்டார். அது திரிநூலை அடைக்கும். மெழுகு வெளுக்காத ஆண்டுகளில் இயற்கை மஞ்சளிலேயே நான்கையும் தோய்த்து, வளையத்தின் கிளைகளில் மூன்று ஊதா நாடாவும் ஓர் இளஞ்சிவப்பு நாடாவும் கட்டுவார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற திரி அவர் வீட்டில் எரிந்ததில்லை.

மெழுகுதிரிக்காரருக்கும் தேனீ வளர்ப்போருக்கும் பாதுகாவலரான புனித அம்புரோசின் விழா டிசம்பர் 7. திருவருகைக்குள்ளேயே அது வருவதை ஓமா பெரிய கொடையாக எண்ணினார். அன்று ஒருபோதும் திரி தோய்க்க மாட்டார், தோய்த்ததை ஏற்றுவார். பாஸ்கா திரியும் திருப்பலிக்கான இரு திரிகளும் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்று உரோமைத் திருச்சபை 1904இல் விதித்ததை அவர் அறிந்திருந்தார். வீட்டு வளையத்துக்கு அந்த விதி இல்லை. விதி இல்லாத இடத்தில்தான் அன்பு தெரியும் என்பது அவர் கருத்து.

இப்போது என் மனக்குறையைச் சொல்ல வேண்டும். யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. இன்று பட்டறைகள் நடத்தும் இளையவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். வேலையும் பிள்ளைகளும் அலைச்சலும் உள்ள வாழ்வில் அவர்கள் இவ்வளவு செய்வதே பெரிது. இருந்தாலும் சொல்கிறேன்: பூச்சுத் திரிகள் நம் வீடுகளைப் பிடித்துவிட்டன. வெள்ளைப் பாரஃபின் திரியை ஊதாக் குழம்பில் ஒருமுறை முக்கி எடுத்து, ஊதாத் திரி என்று வைக்கிறார்கள். முதல் ஞாயிறு ஏற்றுகிறோம். இரண்டாம் ஞாயிறு குழிக்குள் வெள்ளை தெரிகிறது. மூன்றாம் ஞாயிறு ஊதாத் தோல் வெடித்துத் தனியே நிற்கிறது. நோன்பின் நிறம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த ஊதா ஒரு தோல் என்று பிள்ளையே கண்டுகொள்கிறது.

இது சிறிய விடயம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தோல் போதும் என்று திரியில் ஒப்புக்கொண்ட கை எல்லாவற்றிலும் அதை ஒப்புக்கொள்ளும். மாலைச் செபம் ஒரு பாட்டாகச் சுருங்கியது. பாடகர் குழு பயிற்சிக்கு வராமல் ஒலிப்பதிவை ஓட விடுகிறது. திருவருகையே வராத நவம்பரில் நத்தார் கொண்டாட்டம் தொடங்கி, நத்தார் இரவில் முடிந்தும் போகிறது. சோபாவின் துணிக்குப் பொருந்த வேண்டும் என்று சாம்பல் நிறத்தில் நான்கு திரி வைத்த வீட்டையும் பார்த்தேன். இளஞ்சிவப்பு எங்கே என்று கேட்கவும் அங்கே ஒருவர் இல்லை. பிறகு மின்கலத் திரி வந்தது. அது குறைவதே இல்லை. குறையாத ஒன்றை ஏற்றி வைத்து எதற்காகக் காத்திருக்கிறோம்? ஒரு தலைமுறைக்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. அதன் முதல் படி அந்தப் பூச்சுத் திரிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமமாகக் குறைய வேண்டும் என்று நான்கு திரியையும் மாற்றி மாற்றி ஏற்றும் புதுப் பழக்கமும் இதோடு சேர்ந்தது. திருவருகை குறைந்தது 22 நாள், கூடினால் 28 நாள். மாலைக்கு அரை மணி நேரம் ஏற்றினால் முதல் திரி 14 மணி நேரம் வரை எரிய வேண்டும். நான்காவது மூன்றரை மணிக்கு மேல் எரியாது. நத்தாருக்கு முந்தின நாள் நான்கும் படிக்கட்டாக நிற்பதே வளையத்தின் அழகு. அந்தப் படிக்கட்டைக் கண்டுதான் வீட்டுச் சிறியவர்கள் எத்தனை வாரம் காத்திருந்தோம் என்று அறிவார்கள். அதை மட்டமாக்குவது ஏன்?

எல்லாரும் தேன்மெழுகு வெளுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வாங்குவோர் இவற்றையேனும் பாருங்கள்: நிறம் உட்புறம்வரை ஏறியதா என்று அடியைச் சுரண்டிப் பாருங்கள். தேன்மெழுகு என்றால் நூறு வீதமா என்று கேளுங்கள். 1997 முதல் ஜேர்மனியில் மெழுகுதிரிகளுக்கு வழங்கும் ரால் தரமுத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்றுமுன் திரிநூலை ஒரு சென்றிமீற்றருக்கு நறுக்குங்கள். கிளைகள் காய்ந்தால் மாற்றுங்கள். எரியும் வளையத்தைத் தனியே விட்டு எழுந்து போகாதீர்கள்.

மன்ற நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமையைத் திரி தோய்ப்புக்கு ஒதுக்குங்கள். மறைக்கல்விப் பொறுப்பாளர் ஐயா பிள்ளைகளுக்குச் சுருட்டிக் காட்டட்டும். பெரியவர்களுக்குத் தோய்ப்பைச் சொல்லித் தர நான் இருக்கிறேன். ஓமாவின் பாத்திரம் என்னிடம்தான் இருக்கிறது; மெழுகையும் திரிநூலையும் என் செலவில் கொண்டு வருகிறேன். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.