ஹார்லாக்ஸ்டன் படிக்கட்டு

இங்கிலாந்தின் கிரந்தம் நகரருகே கிரிகரி கிரிகரி என்ற செல்வந்தர் 1830-களில் கட்டத் தொடங்கிய மாளிகை ஹார்லாக்ஸ்டன். 1971 முதல் அமெரிக்காவின் எவன்ஸ்வில் பல்கலைக்கழக மாணவர்கள் இங்கேயே தங்கிப் படிக்கிறார்கள்.

மாளிகையின் ‘சீடர்’ (Cedar) படிக்கட்டில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். சுதையில் செய்த குழந்தைகள், சுதையிலேயே செய்த திரைச்சீலைகளைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஒவ்வொரு மடிப்பும் நிஜத் துணியாகவே தொங்குகிறது! தாடிக்காரக் காலதேவன் மாளிகையின் வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார். உச்சியில் நீல வானம். வகுப்புக்குப் போகும் வழியில் தினமும் இதைப் பார்க்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கலை வரலாற்றுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் ஏது?

இடிபடவிருந்த இம்மாளிகையை 1937-ல் வாங்கிக் காப்பாற்றியவர் வயலட் வான் டெர் எல்ஸ்ட், மரண தண்டனையை எதிர்த்துப் போராடிய பெண்மணி. மின்விளக்கு வந்ததும் அவரால்தான்.