பேஸ் கிட்டாருக்கு ஆள் வேண்டாமா?

கல்யாண ரிசப்ஷன் மேடையில் இன்றைக்கு மெல்லிசைக் குழு என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இரண்டு மூன்று பாடகர்கள், ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஓரமாக ஒரு லேப்டாப். வீட்டுக்காரர் கொஞ்சம் தாராளம் என்றால் டிரம்ஸும் புல்லாங்குழலும் சேரும். பட்ஜெட் இறங்கும்போது முதலில் யாரைக் கழற்றி விடுவீர்கள் என்று குழு நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டார்காரர் என்றுதான் நிறைய பேர் சொல்வார்கள். "அதை கீபோர்டுலயே இடது கையில போட்டுக்கலாம் சார், யாருக்குத் தெரியப் போகுது?"

நானும் வார இறுதிகளில் இந்த மாதிரிக் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கிறவன்தான். அதனால் என் சொந்தச் சம்பளப் பிரச்சினையைத்தான் கட்டுரையாக எழுதுகிறேன் என்று நீங்கள் சந்தேகப்படலாம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பதிலுக்குள் பாட்டைப் பற்றிய ஒரு தீர்ப்பும் இருக்கிறது. அடியில் கேட்கிற அந்தச் சத்தம் வெறும் நிரப்பு, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாட்டு அதே பாட்டுதான் என்கிற தீர்ப்பு. நம் குழுக்கள் எந்தப் பாடல்களை வைத்துப் பிழைக்கின்றனவோ, அதே பாடல்களுக்கு இது பொருந்தாது என்பதுதான் என் வாதம்.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாலு கம்பி பேஸ் கிட்டாரில் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்து 55, 73, 98. சாதாரண கிட்டாரின் கீழ் நாலு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவு கீழே இருப்பதால் காதைவிட நெஞ்சுக்கூடு முதலில் கேட்கும். ஆனால் சத்தத்தைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. கீபோர்டில் ஒருவர் ஸ, க, ப என்று மூன்று சுரங்களை அழுத்திப் பிடித்திருக்கிறார், கையை நகர்த்தவே இல்லை. அடியில் பேஸ் ஸட்ஜத்தைத் தொட்டால் அது தெளிவான மேஜர் கார்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்த உணர்வு. பேஸ் கீழே தைவதத்துக்கு இறங்கினால், மேலே அதே மூன்று சுரங்கள் இருந்தும் கார்டு மைனராகி முகம் வாடிவிடும். காந்தாரத்தைத் தொட்டால் வாசல்படியில் ஒரு கால் வைத்து நிற்கிற மாதிரி ஒரு தவிப்பு. மேலே ஒன்றும் மாறவில்லை, அடி மாறியதால் எல்லாம் மாறிவிட்டது.

நம் கச்சேரி மரபில் அடி நகராது. தம்புரா ஒரே ஸ-ப-வைப் பிடித்திருக்கும், அதன் மேல்தான் ராகம் கட்டடம் எழுப்பும். சினிமா இசை நமக்குக் கொடுத்த பெரிய புதுமைகளில் ஒன்று இந்த அடித்தளத்தையே நடக்க வைத்தது. நம் காது அதற்குப் பேர் வைக்கவில்லை, ஆனால் பழகிவிட்டது. "இந்தப் பாட்டில ஏதோ ஒண்ணு உருக்குதுங்க" என்று சொல்கிற பல இடங்களில், குரல் நிற்க, அடி நகர்ந்திருக்கும்.

இங்கே இளையராஜாவைப் பற்றிப் பேசாமல் முடியாது. 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் அவர் பாவலர் பிரதர்ஸ் குழுவில் ஊர் ஊராக மேடை ஏறியவர், கிட்டார் வாசித்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். ஒவ்வொரு கருவிக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று நோட்டேஷனாக எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படங்களின் புகழ்பெற்ற கிட்டார் பாடல்களை ஹெட்போனில் இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை வழக்கம்போல. இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டு அடியை மட்டும் பிடித்துக்கொண்டே போங்கள். பாடகர் பாடுகிற மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு ஓடுவது தெரியும். சில இடங்களில் அது குரலுக்குப் பதில் சொல்லும், சில இடங்களில் குரல் மூச்சு வாங்கும் இடைவெளியில் நுழைந்து வரும்.

இப்போது நம் குழுக்களின் பெருமை எது என்று யோசியுங்கள். "அச்சு அசலா ரெக்கார்டு மாதிரியே இருக்கும்" என்பதுதானே? இடையிசையில் புல்லாங்குழல் பிட் ஒரு சுரம் பிசகினால் ரிகர்சலில் சண்டை வரும். வயலின் பகுதியைக் கீபோர்டில் எந்த டோனில் வாசிப்பது என்று அரை மணி நேரம் தேடுவார்கள். அதே பாட்டில், இசையமைப்பாளர் அதே கவனத்தோடு அமைத்த பேஸ் வரியை மட்டும் "ஏதோ ரூட் நோட் போட்டுக்கோ" என்று விட்டுவிடுவார்கள். செய்யுளில் மூன்று அடியை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, நாலாவது அடிக்கு 'லாலாலா' பாடுவது போன்றது இது. தாங்களே வைத்த அளவுகோலில் தாங்களே தோற்கிறார்கள். என் விமர்சனத்தின் மையம் இதுதான்.

கீபோர்டு இடது கை ஏன் போதாது? சுரம் எல்லாம் சரியாகவே வரும். சிக்கல் சுரம் முடிகிற இடத்தில். பேஸ் வாசிப்பில் பாதி வேலை கம்பியை நிறுத்துவதுதான். வலது கை ஒரு கம்பியை மீட்டும்போது மற்றக் கம்பிகளை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும், இடது கை விரலை லேசாகத் தூக்கிச் சுரத்தை வெட்ட வேண்டும். அந்த வெட்டுக்கும் அடுத்த டிரம்ஸ் அடிக்கும் நடுவே இருக்கிற துளி மௌனத்தில்தான் காலைத் தட்டத் தோன்றும். வலது கையில் இடையிசையைக் கவனித்துக்கொண்டிருக்கிற கீபோர்டு கலைஞரால் இடது கையில் இந்த வெட்டை எல்லாம் பார்க்க முடியாது. அவர் திறமையைக் குறை சொல்லவில்லை, ஒரு மூளைக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறோம். விளைவு, அடிச்சத்தம் ஒட்டிக்கொண்டே இழுபடும். ஏற்கெனவே எதிரொலிக்கிற மண்டபத்தில் அது கூழாகிவிடும். சவுண்டுக்காரர் என்ன செய்வார்? மிக்சரில் கீழ் அலைவரிசையைக் குறைத்துவிடுவார். ஆக, இருந்த கொஞ்சமும் போயிற்று.

"சரிங்க, டிராக் போட்டா? அதுல பேஸ் அச்சு அசலா இருக்கும்ல?" நியாயமான கேள்வி. டிராக்கில் பேஸ் இருக்கும், சுத்தமாகவும் இருக்கும். ஆனால் கல்யாண மேடையில் பாட்டு ஒருபோதும் ரெக்கார்டில் இருந்தபடி நடக்காது. பாடகர் சரணத்துக்கு அரை ஆவர்த்தனம் தாமதமாக நுழைவார். மாப்பிள்ளையின் நண்பர்கள் பல்லவியை இன்னொரு தடவை கேட்பார்கள். பாடகி ஒரு வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவார். ஆட்கள் வாசிக்கிற மேடையில் அப்போது எல்லாரும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், டிரம்ஸும் பேஸும் சேர்ந்து 'இதுதான் முதல் அடி' என்று காட்டும், மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். முன்வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. டிராக் காத்திருக்காது. அங்கே பாடகர்தான் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். பாடகரைத் தாங்குவதற்காக இருந்த பக்கவாத்தியம், பாடகர் பயந்துகொண்டு பின்தொடர்கிற எஜமானாக மாறிவிடுகிறது. அதற்கு மெல்லிசைக் குழு எதற்கு, லைட் போட்ட கரோக்கி போதுமே!

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. எல்லாப் பாட்டுக்கும் பேஸ் கிட்டார் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1992-இல் 'ரோஜா'வுக்குப் பிறகு வந்த பல பாடல்களில் அடிச்சத்தமே சிந்தசைசரில் உருவானது. அதைக் கீபோர்டில் வாசிப்பதுதான் சரி. அதே ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் மாதிரி ஒருவர் வாசித்த பாடலை எடுத்தால் கதை வேறு. தவிலும் பம்பையும் முழங்குகிற கிராமியப் பாட்டில் பேஸ் ஒதுங்கி நிற்பதே மரியாதை. எது எந்தப் பாட்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்தால் எனக்கு வழக்கே இல்லை. கேட்காமலே ஆளைக் குறைப்பதில்தான் வழக்கு.

குற்றப்பத்திரிகையில் பேஸ் வாசிக்கிற நம்மாட்களுக்கும் இடம் உண்டு. நம்மில் பலர் கார்டு தாளைப் பார்த்து வாசிக்கிறோம். 'சி, ஏ மைனர், எஃப், ஜி' என்று எழுதியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ரூட் நோட்டை நாலு தடவை தட்டிவிட்டுச் சம்பளம் வாங்கிப் போகிறோம். கார்டு தாளில் கார்டின் பேர்தான் இருக்கும், பேஸ் வரி இருக்காது. காந்தாரத்தில் இறங்க வேண்டிய இடத்தில் ஸட்ஜத்தைத் தட்டினால் கார்டு சரி, பாட்டு தப்பு. இன்னொரு வகை, ஆறு கம்பி கிட்டாரோடு வந்து மெலடிப் பாட்டில் கட்டைவிரலால் ஸ்லாப் அடிக்கிறவர்கள். இந்த இரண்டையும் மாறி மாறிக் கேட்ட குழு நடத்துநர் "இதுக்கு எதுக்குத் தனி ஆள்?" என்று கேட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

கற்றுக்கொள்ள வழி சிக்கலானது இல்லை, பொறுமைதான் வேண்டும். பேஸ் வரியை முதலில் வாயால் பாடிப் பழகணும். வாயில் வராதது விரலில் வராது. ரெக்கார்டின் வேகத்தைக் குறைத்து, சுரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதோடு எங்கே முடிகிறது என்றும் குறித்துக்கொள்ளணும். பாடகரின் ஸ்ருதியை முன்னாடியே கேட்டுக்கொள்ளணும். ரெக்கார்டில் பேஸ் தடித்த கம்பியைத் திறந்து வாசித்திருக்கும். நம் பாடகர் அரைக்கட்டை இறக்கிப் பாடினால் அந்தச் சுரம் நாலு கம்பி கிட்டாரிலேயே கிடையாது. மேல் ஸ்தாயியில் வாசித்தால் இறங்கி வந்த வரி திடீரென்று துள்ளிக் குதிக்கும். 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிற ஐந்தாவது கம்பிக்கு மேடையில் வேலை இருப்பது இதற்காகத்தான், பந்தாவுக்கு இல்லை.

"யாருக்குத் தெரியப் போகுது" என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். செல்போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறவர்களுக்குப் பேஸ் பழக்கமில்லை என்பார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதன் மடங்குகளான மேல் ஒலிகள் கொஞ்சம் வந்தாலே, நம் மூளை இல்லாத அடியை ஊகித்துக்கொள்ளும். அதுவும் இல்லாமல், இது பிரைவேட் பஸ்ஸில் வளர்ந்த ஊர். டிரைவர் சீட்டுக்கு மேலே பெரிய பாக்ஸ் வைத்து ராஜா பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் கை வைத்தால் பேஸ் வரி விரலில் தெரியும். அப்படிக் கேட்டு வளர்ந்தவருக்கு 'இன்வர்ஷன்' என்ற சொல் தெரியாமல் இருக்கலாம். ரிசப்ஷனில் அதே பாட்டு ஓடும்போது ஏனோ மனசு ஒட்டவில்லை என்று அவருக்குத் தெரியும். காரணம் தெரியாததால் பாடகர்மேல் பழியைப் போட்டுவிட்டு சாப்பிடப் போய்விடுவார்.

பெயர் தெரியாமல் போவது இந்தக் கருவிக்கு ஆரம்பத்திலிருந்தே விதி போலிருக்கிறது. லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது 1951-இல். அடுத்த பத்து இருபது வருஷத்தில் அமெரிக்காவின் மோடவுன் கம்பெனி பாடல்கள் உலகையே ஆட வைத்தன. அவற்றில் ஏராளமானவற்றுக்குப் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்தவர். 1971-இல் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் மோடவுன் உறையில் அவர் பேர் அச்சானது. நம் ஊர்க் கேசட் உறைகளிலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் பேரோடு முடிந்துவிடும். வாசித்தவர்களை ரசிகர்கள் பின்னால் தேடித்தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உறையில் பேர் இல்லாவிட்டாலும் அன்றைக்கு ஸ்டூடியோவில் நாற்காலி இருந்தது, அந்த நாற்காலிக்கு ஆள் வந்து சேர மேடைகள் இருந்தன. இளையராஜாவே மேடையிலிருந்து வந்தவர் என்று மேலே சொன்னேன். இன்றைக்கு ஒரு பதினெட்டு வயசுப் பையனோ பெண்ணோ பேஸ் கிட்டார் வாங்கினால், பாடகர் தடுமாறும்போது பிடித்துக்கொள்ளவும், மண்டபத்துக்கு ஏற்றபடி சத்தத்தை அடக்கவும், அறுபது பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கவும் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? யூடியூப் வீடியோவில் டிராக்குக்கு மேல் வாசிக்கலாம். அங்கே யாரும் தடுமாறுவதில்லை, அதனால் யாரையும் தாங்கிப் பிடிக்கவும் பழக முடியாது.

அடுத்த தடவை வீட்டு விசேஷத்துக்கு மெல்லிசைக் குழு பேசும்போது, எத்தனை பாடகர்கள் என்று கேட்கிற அதே மூச்சில் "பேஸ் கிட்டாருக்கு ஆள் வர்றாங்களா?" என்றும் கேளுங்கள். இரண்டு எல்இடி பேனலைக் குறைத்தால் அந்தச் செலவைச் சரிக்கட்டிவிடலாம். வருகிறவர் ரூட் நோட்டை மட்டும் தட்டினால், கச்சேரி முடிந்ததும் அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். அடியை யாரோ கவனித்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த கச்சேரிக்குத் தயாராகி வருவார்.