'அந்த நாள்': இரவலா, படைப்பா?

எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தை, அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தின் நகல் எனக் கூறி ஒதுக்குவோர் உளர். ஒரு கொலையைப் பலர் பலவாறாக உரைக்கும் அமைப்பு அங்கிருந்து வந்ததே, மறுப்பதற்கில்லை. ஆயின் குரோசாவாவும் அகுதாகவாவின் சிறுகதைகளிலிருந்தே தம் கதையை எடுத்தார்.

நூல்களை முதல், வழி, சார்பு என வகுத்த நன்னூலார் பிந்திய இரண்டையும் இழித்துரைத்தாரல்லர். முன்னூலோடு ஒத்தது எவ்வளவு, வேறுபட்டது எவ்வளவு என்றே நோக்கினார். நாமும் அவ்வாறே அளப்போம்.

ராஷோமோனில் சாட்சியங்கள் முரண்பட, உண்மை எதுவெனத் துணிய இயலாமலே நிற்கிறது. பாலசந்தரோ 1943இல் சப்பானியர் குண்டு விழுந்த சென்னையைக் களமாக்கினார். கொலையுண்ட வானொலிப் பொறியாளன் ராஜன் பகைவர்க்குத் துணைபோனவன். அவன் மடிந்ததோ மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியால். கணவன்பால் அன்பா, நாட்டின்பால் கடமையா என்னும் இச்சிக்கல் ராஷோமோனில் இல்லாதது. பாடல் ஒன்றேனும் இன்றிப் படத்தை நடத்திய துணிவும் அவருடையதே.

குறையும் உண்டு. துப்புத் துலங்கியதும் ஐயங்கள் யாவும் தீர்ந்துவிடுவதால், ராஷோமோனின் ஆழம் இதற்கு வாய்க்கவில்லை. எனினும் இது நகலன்று, நல்லதொரு சார்புநூல்.

மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களும், எங்கிருந்து எடுத்தான் என்பதோடு, எடுத்ததை என்ன செய்தான் என்றும் கேட்டல் நன்று.