சியோனா பெஞ்சமினின் நீலப் பெண்கள்

சியோனா பெஞ்சமின் (பிறப்பு: 1960) மும்பையில் பிறந்த இந்திய யூத ஓவியர். மும்பை ஜே.ஜே. கலைக்கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஓவியத்திலும் நாடக அரங்க வடிவமைப்பிலும் முதுகலைப் பட்டங்கள் பெற்றார். நியூ ஜெர்சியில் வசிக்கிறார். யூத வேதக் கதைகளை இந்திய, பாரசீக நுண்ணோவிய முறையில் வரைபவர். ‘ஃபைண்டிங் ஹோம்’ என்னும் ஓவிய வரிசையில் வரும் நீலநிறப் பெண்கள் அவருடைய அடையாளமாக ஆகிவிட்டனர்.

யூத மரபில் ஓவியத்தின் இடம் எப்போதும் சிக்கலானது. பத்துக் கட்டளைகளுள் ஒன்று உருவங்களைச் செய்து வணங்குவதைத் தடுக்கிறது. ஆனால் சிரியாவின் தூரா யூரோபோஸில் 3-ஆம் நூற்றாண்டு யூத ஜெபாலயத்தின் சுவர்கள் முழுக்க மனித உருவங்கள் இருந்தன. 1300 வாக்கில் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஒரு ஹகதா சுவடியில் மனித உடல்களுக்குப் பறவைத் தலைகள் வரையப்பட்டுள்ளன. தடையை மீறாமல் வரைந்தார்களா, தடையைக் கேலி செய்தார்களா என்பது இன்றும் ஆய்வாளர்களுக்கு விவாதப்பொருள். யூதக் கலை என ஒன்று உண்டா என்று கலைவிமர்சகர் ஹெரால்ட் ரோசன்பெர்க் 1966-ல் கேட்ட கேள்வி இந்தப் பின்னணியில் எழுந்தது.

சியோனா பெஞ்சமின் பிறந்த பெனே இஸ்ரேல் சமூகத்தில் இந்தக் கேள்வி வேறு வடிவில் இருந்தது. கொங்கணக் கரையில் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள் அவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், எனப்பட்டனர். எலியா தீர்க்கதரிசியை வேண்டிக்கொண்டு அவலும் தேங்காயும் பழங்களும் வைத்துப் படைக்கும் ‘மலிதா’ அவர்களுடைய சடங்கு. எலியா நெருப்புத் தேரில் விண்ணேறும் அச்சுப்படம் அவர்கள் வீடுகளில் தொங்கியது. ஆகவே சியோனா பெஞ்சமின் இந்திய மரபையும் யூத மரபையும் கலந்தார் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது சரியல்ல. அவருக்குக் கைக்கு வந்த மரபே கலந்துதான் இருந்தது.

கலப்பைச் சாதனையாகக் காட்ட முயலும்போதுதான் அவருடைய ஓவியம் பலவீனமடைகிறது. ‘திக்குன் ஹ-ஓலாம்’ (2000) ஓவியத்தில் நீலப்பெண்ணின் பல கைகள் மெனோரா விளக்கின் கிளைகளை நினைவூட்டும்படி விரிகின்றன. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுவதுபோலத் தங்க ரேக்கு ஒட்டப்பட்டது. மிக அழகான வேலைப்பாடு. ஆனால் தேவியின் கை, யூதரின் விளக்கு என்று கண்டுகொண்டதும் பார்வையாளனின் வேலை முடிந்துவிடுகிறது. இரு சின்னங்களும் ஒன்றோடொன்று மோதவில்லை.

‘லிலித்’ (2006) அப்படிப்பட்டதல்ல. இடைக்கால யூத நூலொன்றின்படி லிலித் ஆதாமின் முதல் மனைவி. அவனுக்குக் கீழ்ப்படிய மறுத்துப் பறந்து போனவள். பிறகு குழந்தைகளைக் கொல்லும் பேயாக ஆக்கப்பட்டாள். தமிழ் வாசகர் திருவானைக்காவல் அகிலாண்டேஸ்வரியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உக்கிரமாக இருந்த அம்மனுக்கு ஸ்ரீசக்கரம் பொறித்த தாடங்கங்களை அணிவித்து ஆதிசங்கரர் சாந்தப்படுத்தினார் என்பது தலமரபு. எதிரே பிள்ளையாரும் உண்டு. உக்கிரத்துக்கு நகை பூட்டிக் கருவறையிலேயே இருத்திக்கொண்டது அந்த மரபு. லிலித்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பிரசவ அறைக்குள் அவள் நுழையாதபடி மூன்று வானவர்களின் பெயர் எழுதிய தாயத்துகளைத் தொங்கவிட்டார்கள்.

சியோனா பெஞ்சமின் அவளுக்கு, வழக்கமாக யூத ஆண்கள் ஜெபத்தின்போது போர்த்தும் தாலித் சால்வையைப் போர்த்துகிறார். சித்திரக்கதைப் புத்தகங்களில் வருவதுபோல ஒரு பேச்சுக்குமிழில் பழிவாங்கும் வஞ்சினம் பேச வைக்கிறார். மலிவான அச்சுக்கலையின் மொழியில் ஒரு பழைய பேய்க்கதை திருப்பிச் சொல்லப்படுகிறது. லிலித் சாந்தப்படுத்தப்படவில்லை. இங்கே ஓவியர் மரபை அலங்கரிக்காமல் அதனுடன் வழக்காடுகிறார்.

நீலத்தை நம் வாசகர் உடனே கண்ணனின் நிறம் என்பார். அது வானத்தின், கடலின் நிறம், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதது என்பது ஓவியரின் விளக்கம். அவ்விளக்கத்தைவிட ஓவியம் கடுமையானது. இந்தியத் தோற்றமுள்ளவர் எப்படி யூதராக முடியும் என்ற கேள்வி அமெரிக்காவில் அவரைத் தொடர்ந்தது. இஸ்ரேலுக்குக் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்களின் திருமண உரிமையையே அங்குள்ள மதகுருக்கள் ஐயப்பட்டனர். போராட்டங்களுக்குப் பின் 1964-ல்தான் அவர்கள் முழு யூதர் என்ற ஏற்பு கிடைத்தது. தோல் எந்த நிறத்தில் இருந்தால் ஒருவர் யூதர் என்று நம்புவீர்கள் என்பதே நீலப்பெண்களின் கேள்வி.

2010-11-ல் ஃபுல்பிரைட் நல்கையுடன் சியோனா பெஞ்சமின் இந்தியா வந்தார். இந்தியாவில் எஞ்சியிருக்கும் யூதர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. பெனே இஸ்ரேல் மக்களைச் சந்தித்து, புகைப்படம் எடுத்து, கதைகளைக் கேட்டு, அந்த முகங்களைச் சுற்றி ஓவியம் தீட்டினார். ‘ஃபேசஸ்’ என்ற அந்த வரிசையில் லிலித்தோ எஸ்தரோ இல்லை. தங்கமும் பூவேலையும் இப்போது சாதாரண மனிதர்களின் முகங்களைச் சூழ்கின்றன. புராணப் பெண்களுக்கு அளித்த அதே சட்டகத்தில் ஒரு மும்பைக்காரர் அமர்ந்திருக்கிறார். பின்னர், புறப்பட்டுப் போனவர்களைத் தேடி, இரண்டாவது ஃபுல்பிரைட் நல்கையுடன் இஸ்ரேலுக்கும் சென்றார்.